சத்து மாத்திரையும் சிகிச்சை முடியாத குழந்தையும்

இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அறியாத பள்ளி இன்று இந்நாட்டில் அரிது. 5 முதல் 9 வயது வரையிலான சிறார்க்கு இளஞ்சிவப்பு நிறத்திலும், 10 முதல் 19 வயது வரையிலானோர்க்கு நீல நிறத்திலும், வாரத்துக்கு ஒன்றாக அது வழங்கப்படுகிறது. முன்னதில் இரும்பு 45 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம். பின்னதில் 60 மில்லிகிராமும் 500 மைக்ரோகிராமும். நண்பகல் உணவுக்குப் பின் ஆசிரியரின் கண்முன் விழுங்கச் செய்து, பதிவேட்டில் குறித்துக்கொள்வது முறை. இரத்தசோகை மலிந்த ஒரு நாட்டில் இதைவிட எளிதும் மலிவுமான ஏற்பாடு வேறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆசிரியரும் செவிலியரும் ஆஷா பணியாளரும் இதற்காகப் பட்டுவரும் பாடு பாராட்டுக்குரியது. இத்திட்டத்தைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று.

ஆயினும், அதே வரிசையில் அம்மாத்திரையை வாங்கக் கூடாத ஒரு குழந்தையும் எப்போதேனும் நிற்கக்கூடும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, மீண்டும் பள்ளிக்கு வந்துவிட்ட குழந்தை அது.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது லிம்ஃபோபிளாஸ்டிக் லுகீமியா என்னும் இரத்தப் புற்றுநோய். ஒரு தலைமுறைக்கு முன் இந்நோயின் பெயரைக் கேட்டாலே பெற்றோர் நம்பிக்கை இழந்தனர். இன்று முறையான சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பலர் பிழைத்து வளர்கின்றனர். ஆனால் அச்சிகிச்சை நீண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடப்பது. முதற் சில மாதங்கள் கடுமையானவை. அப்போது குழந்தை பெரும்பாலும் மருத்துவமனையிலோ அதன் அருகிலோ இருக்கும். அதன் பின்னர் வருவது பராமரிப்புக் காலம். உதிர்ந்த முடி முளைத்துவிடுகிறது, முகம் தெளிந்துவிடுகிறது, குழந்தை பழையபடி பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. நோய் தீர்ந்துவிட்டது என்று ஊரார் எண்ணுவது இயல்பே. உண்மையில், நாள்தோறும் மெர்க்காப்டோபியூரின் என்னும் மாத்திரையும், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் என்னும் மாத்திரையும் அக்குழந்தைக்கு வீட்டில் கொடுக்கப்பட்டு வருகின்றன. ஒளிந்திருக்கும் நோய்ச் செல்களை அழிப்பது இந்த மௌனமான மாதங்களில் நடக்கும் வேலை. இதில் குறை நேர்ந்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடும்.

மெத்தோட்ரெக்ஸேட் செய்யும் வேலையைச் சுருங்கக் கூறினால், அது ஃபோலேட்டின் பகை. உயிர்ச்செல் ஒன்று இரண்டாகப் பிரிவதற்கு ஃபோலேட் என்னும் வைட்டமின் இன்றியமையாதது. வேகமாகப் பெருகும் புற்றுச்செல்லுக்கு அதன் தேவை மிகுதி. செல் ஃபோலேட்டைப் பயன்படுத்தும் வழியில் ஒரு நொதியைத் தடுத்து, பிரியவிடாமல் செய்வதே இம்மருந்தின் தன்மை. ஆகவே ஒரு கையால் மருந்தைக் கொடுத்து, மறு கையால் ஃபோலிக் அமிலத்தையும் கொடுப்பது, பூட்டிய கதவின் சாவியைத் திருடனிடமே நீட்டுவது போன்றதாகும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு இந்தியாவோடு நெருங்கிய தொடர்புடையது. 1928-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், பம்பாயின் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாறு அச்சோகையைத் தீர்ப்பதை 1931-இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. 1941-இல் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்த அமெரிக்க ஆய்வாளர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தனர். அதை ஆய்வுக்கூடத்தில் செய்யும் முறையை 1945-இல் கண்டது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம்; அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் அவர்.

சோகையைத் தீர்க்கும் வைட்டமின் லுகீமியாவையும் தணிக்கலாம் என்ற எண்ணம் அந்நாளில் எழுந்ததில் வியப்பில்லை. பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அவ்வாறே ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, விரைந்தது போலத் தோன்றியது. அந்தக் கசப்பான அனுபவத்திலிருந்தே அவர் நேர் எதிரான வழியை எண்ணினார். ஃபோலிக் அமிலத்தை ஊட்டாமல் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினர் செய்து கொடுத்த அமினோப்டெரின் என்னும் எதிர்ப்பொருளை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேரிடம் முன்னேற்றம் கண்டதாக 1948-இல் அறிவித்தார். அந்த நலம் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. எனினும் லுகீமியாவை மருந்தால் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது அன்று உறுதியாயிற்று. சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் காலமானார். இன்று பள்ளிக் குழந்தை வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்ஸேட் அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவுப் பொருளே. ஆக, சோகைக்குக் கொடுக்கும் மாத்திரையும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையும் ஒரே ஆராய்ச்சியின் இரு கிளைகள். ஆனால் எதிர்த் திசையில் போகும் கிளைகள்.

இவ்விடத்தில் பெற்றோர் குழப்பமடைவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன. மூட்டுவாதம் உள்ள அண்டை வீட்டுக்காரரும் அதே மெத்தோட்ரெக்ஸேட்டைச் சாப்பிடுவார். அவருக்கு மருத்துவரே ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுத்திருப்பார். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மருந்தின் அளவும் நோக்கமும் வேறு. அங்கு ஃபோலிக் அமிலம் வாய்ப்புண் முதலிய துன்பங்களைக் குறைக்கிறது. இன்னொன்று: மருத்துவமனையில் மெத்தோட்ரெக்ஸேட்டை மிகுந்த அளவில் நரம்பு வழியாகச் செலுத்திய பின், ஃபோலினிக் அமிலம் என்னும் பொருளைத் தாமே மருத்துவர்கள் கொடுப்பதைத் தாய் பார்த்திருப்பாள். அது மணி பார்த்து, இரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து, உடலின் நல்ல செல்களைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுவது. அதைக் கண்ட தாய், ‘இந்தச் சத்துத்தானே அங்கேயும் கொடுத்தார்கள்’ என்று எண்ணினால் அவளை அறியாதவள் என்று சொல்லிவிட முடியாது.

வளர்ந்தவர்களிடத்திலும் இதே வைட்டமின் இருவேறு முகம் காட்டுகிறது. குடற்புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் கொடுக்கும் கேப்பசிடபின் என்ற மாத்திரையோடு ஃபோலிக் அமிலம் சேர்ந்தால், வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிதல் போன்ற நச்சு விளைவுகள் கடுமையாகலாம். நுரையீரல் புற்றுக்குக் கொடுக்கும் பெமெட்ரெக்செட் என்ற மருந்துக்கோ, ஃபோலிக் அமிலமும் பி-12 ஊசியும் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். கொடாமல் விட்டால் உயிருக்கே இடர். ஒரே வைட்டமின், ஒரு மருந்தோடு விலக்கு, மற்றொரு மருந்தோடு கட்டாயம். ‘சத்து மாத்திரைதானே, என்ன கெடுதல் வந்துவிடும்’ என்ற பேச்சுக்கு இதைவிட வேறு மறுமொழி தேவையில்லை. அதைப்போலவே, ‘புற்றுநோய்க்காரர் எந்தச் சத்து மாத்திரையும் தொடக்கூடாது’ என்ற பேச்சும் தவறே. இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு பி-12 வாழ்நாள் முழுவதும் வேண்டும்.

இனி இரும்பைப் பற்றி. கடும் சிகிச்சைக் காலத்தில் அக்குழந்தைக்குப் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டிருக்கும். ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் செல்கிறது. மிகுதியான இரும்பை வெளியேற்ற மனித உடலுக்குத் தனி வழி இல்லை. அது ஈரலிலும் இதயத்திலும் தங்கிவிடும். இந்தக் காரணத்தாலேயே, தலசீமியா உள்ளவருக்கும், பலமுறை இரத்தம் ஏற்றப்பெற்றவருக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்திவைக்குமாறு 2018-ஆம் ஆண்டு தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே கூறப்பட்டுள்ளது. விதி இருக்கிறது; அவ்விதி யாருக்குப் பொருந்தும் என்ற செய்திதான் வகுப்பறையை அடைவதில்லை.

இதில் மற்றோர் ஆபத்தும் மறைந்துள்ளது. வெளிறிய குழந்தையைக் கண்டால் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது களப்பணியாளருக்குக் கைவந்த பழக்கம். பிற குழந்தைகளிடத்தில் அது சரியான பழக்கமே. ஆனால் இக்குழந்தை வெளிறினால், மருந்தின் அளவு மிகுந்திருக்கலாம். நோய் திரும்பியிருக்கவும் கூடும். தோலில் காரணமின்றித் தோன்றும் நீலப் புள்ளிகளும், ஈறில் கசியும் இரத்தமும் அத்தகையவையே. காய்ச்சலோ இன்னும் அவசரமானது. சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நிலையில் 38 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் வந்தால், மாலை வரை பார்ப்போம் என்று வகுப்பில் படுக்க வைப்பதற்கில்லை. அன்றே, அந்த வேளையே, மருத்துவமனைக்குச் செய்தி போக வேண்டும்.

வாரத்துக்கு ஒரு மாத்திரை எவ்வளவு தீங்கு செய்துவிடும் என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான். 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பராமரிப்புச் சிகிச்சையை இத்தனை பங்கு பலவீனப்படுத்தும் என்று அளந்து சொல்லிவிட இயலாது. தெரியாமல் ஒரு வாரம் கொடுத்துவிட்ட ஆசிரியர் அஞ்சி நடுங்க வேண்டியதுமில்லை. பெற்றோரிடமும் மருத்துவமனையிலும் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அந்த மாத்திரையால் அக்குழந்தைக்கு வரக்கூடிய நன்மை என்ன என்பதையும் கேட்க வேண்டும். இரும்பு உடலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ஃபோலேட்டை மருத்துவர் வேண்டுமென்றே அடக்கிவைத்திருக்கிறார். நன்மை இல்லாத இடத்தில் சிறு தீங்கையும் ஏன் ஏற்க வேண்டும்? இரண்டு ஆண்டுகள் தாய் தந்தையர் வேலையை விட்டும், நகையை அடகு வைத்தும், தொலைதூரம் பயணம் செய்தும் காத்துவரும் சிகிச்சை அது.

ஃபோலிக் அமிலம் என்றவுடன் கீரையையும் பருப்பையும் நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. இது வேண்டாத அச்சம். உணவில் இயல்பாக உள்ள ஃபோலேட்டுக்கும், மாத்திரையில் செறிந்துள்ள ஃபோலிக் அமிலத்துக்கும் வேறுபாடு பெரிது. மருத்துவர் தனியே விலக்கினாலன்றி, நன்கு கழுவி வேகவைத்த கீரை, பருப்பு, முட்டை, பால், நிலக்கடலை ஆகியவற்றை அக்குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சிகிச்சையில் மெலிந்த உடல் தேறுவதற்குப் புரதமும் எரிசக்தியும் முதன்மையானவை. பள்ளியின் நண்பகல் உணவைச் சூடாக உண்பதற்கு எத்தடையும் இல்லை. விலையுயர்ந்த சத்துப் பொடி டப்பா ஒன்றின் விலையில் எத்தனை நாள் முட்டை வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது, வகுப்பிலேயே செய்யத்தக்க நல்ல பயிற்சி.

டப்பாக்களும் புட்டிகளும் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அன்பினால்தான். வெளியூரிலிருந்து வரும் மாமன் ஒன்றும், சந்தையில் கேட்டறிந்த அத்தை ஒன்றும் வாங்கி வருகிறார்கள். மஞ்சள் சமையலில் பல நூற்றாண்டுகளாகப் பழகிய பொருள். மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. அதையே பிரித்துச் செறிவாக்கி, உடல் நன்றாக ஈர்த்துக்கொள்வதற்காக மிளகின் காரப்பொருளையும் சேர்த்துச் செய்த குளிகை சமையல் மஞ்சள் அன்று. மார்பகப் புற்றுக்குத் தமாக்சிஃபென் உண்ணும் பெண்களிடம் நெதர்லாந்தில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய குளிகை அம்மருந்தின் செயலுள்ள பொருளை இரத்தத்தில் குறைத்தது. மிளகுப் பொருள் சேர்ந்தபோது குறைவு அதிகமாயிற்று. எதிர்ப்புச் சக்திக்கென்று கொரோனா காலத்தில் பரவலாக உண்ணப்பட்ட சீந்தில் கொடியைப் பற்றி, ஈரல் அழற்சி கண்ட 43 நோயாளிகளின் விவரம் இந்திய மருத்துவர்களால் 2022-இல் வெளியிடப்பட்டது. முறையாகப் பயன்படுத்தினால் சீந்தில் தீங்கற்றது என்றும், தோற்றத்தில் ஒத்த வேறோர் இனம் கலந்திருக்கலாம் என்றும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்துக் கூறியது. வழக்கு எவ்வாறு தீரினும், மெர்க்காப்டோபியூரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஏற்கெனவே ஈரலுக்குச் சுமையாக இருக்கும் ஒரு குழந்தையிடம் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கில்லை.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு மேலை நாட்டுச் சான்று ஒன்று. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த பெரும் ஆய்வில், நுரையீரல் புற்றைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் பீட்டா கரோட்டின் கொடுக்கப்பட்டது. முடிவு 1994-இல் வெளியாயிற்று: அதை உண்டவரிடையே அப்புற்று 18 விழுக்காடு மிகுதி. கேரட்டில் உள்ள பொருள்தான் அது.

வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்பதை அறிவது எளிதன்று. மருத்துவர் கடிந்துகொள்வார் என்று அஞ்சிப் பெற்றோர் சொல்வதில்லை. மருத்துவரும் நெரிசலில் கேட்பதில்லை. ‘வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற விடையே வரும். ஏனெனில் சத்து மாத்திரையும் கஷாயமும் லேகியமும் மருந்தாக அவர்கள் கணக்கில் வருவதில்லை. இடுப்பில் சொந்தக் குழந்தையோடு அதே தெருவில் நடக்கும் ஆஷா பணியாளருக்கு இந்த இடையூறு இல்லை. ‘தெம்புக்கு என்ன கொடுக்கிறாய், அக்கா?’ என்று அவர் கேட்டால் அலமாரியிலிருந்து புட்டி தானாக வெளியே வரும். அப்போது முகம் சுளிக்காமல், அப்புட்டியையும் மருத்துவமனைக் காகிதத்தையும் அடுத்த முறை கையோடு எடுத்துச் செல்லுமாறு சொன்னால் போதும். நிறுத்தச் சொல்வதும் தொடரச் சொல்வதும் சிகிச்சை செய்யும் மருத்துவரின் பொறுப்பு. மாத்திரை எதையும் தாமாக நிறுத்தும்படி களப்பணியாளர் கூறினால், தவறுதலாகப் புற்றுநோய் மருந்தே நின்றுபோகும் விபத்தும் நேரலாம்.

இவ்வளவும் சொல்லிய பின்னும், பெரும் குறை ஓரிடத்தில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது. மருத்துவமனை கொடுத்தனுப்பும் காகிதம் மருத்துவருக்கு மருத்துவர் எழுதும் கடிதமாக இருக்கிறது. அதை ஆசிரியரால் படிக்க இயலாது, தந்தையாலும் இயலாது. அக்காகிதத்தின் அடியில், குடும்பத்தின் தாய்மொழியில் இரண்டு வரி அச்சிட்டிருந்தால் எத்தனை சங்கடம் தீரும்! ‘இக்குழந்தைக்குப் பள்ளியில் வழங்கும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை இன்ன தேதி வரை கொடுக்க வேண்டாம். காய்ச்சல் கண்டால் உடனே இந்த எண்ணுக்குத் தெரிவிக்கவும்.’ இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. புதிய நிதியும் வேண்டியதில்லை. பூச்சி மருந்து வழங்கும் நாளுக்கும் அதே காகிதத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

பள்ளியின் பக்கத்திலும் ஒரு தடை உண்டு. மாத்திரை வழங்கும் பணி எண்ணிக்கையால் மதிப்பிடப்படுவதால், ஒரு பெயருக்கு நேரே குறி விடுபட்டால் விளக்கம் கேட்பார்களோ என்ற தயக்கம் ஆசிரியருக்கு எழுகிறது. அந்தத் தயக்கத்தினால் கொடுக்கக் கூடாத மாத்திரை கொடுக்கப்பட்டால், அது எண்ணிக்கையின் குற்றமேயன்றி ஆசிரியரின் குற்றமன்று. மேற்பார்வையிடும் அலுவலர்கள் இதைத் தெளிவாக்கிவிட வேண்டும்: மருத்துவமனைக் காகிதத்தைப் பார்த்து நிறுத்திவைத்த மாத்திரையும் செய்த பணியாகவே கணக்கில் சேரும் என்று.

நிறுத்துவதும் ஓசையின்றி நடக்க வேண்டும். வரிசையில் நிற்கும் குழந்தையை எல்லோர் முன்னும் ‘உனக்கு இல்லை’ என்று விலக்கினால், அடுத்த நிமிடமே ஏன் என்ற கேள்வி வகுப்பெங்கும் எழும். நோயின் பெயர் வெளிவரும். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று யாரேனும் ஒரு பிள்ளை சொல்லும். மாத்திரை நேரத்தில் தண்ணீர்க் குடத்தருகே நிற்கும் வேலையை அக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

சிகிச்சை முற்றிலும் முடிந்து சில மாதங்கள் கழிந்த பின், உடலில் தங்கியுள்ள இரும்பின் அளவை மருத்துவமனையில் சோதித்துப் பார்ப்பார்கள். மிகுதி இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அக்குழந்தையும் மற்றவர்களைப் போல அதே மாத்திரையை வாங்கிக்கொள்ளலாம். பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே மறுபடியும் குறி இடுவதற்கு அந்தக் காகிதமே சான்று.